சத்தம் போடாத மெயில்

அந்த மெயில் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்தது பொழுது சாய்ந்த பிறகு. இத்தனைக்கும் நாள் முழுக்க அதே கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தாள். ஒரு தண்ணீர் பம்பின் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். எந்த வாஷர் எங்கே போகிறது, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று மல்லுக்கட்டியதில் சாப்பாட்டைக்கூடத் தட்டில் போட்டு மேஜைக்கே கொண்டுவந்து தின்றாள். வேலை முடிந்து, அனுப்புவதற்காக மெயில் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது.

"அகராதி நான் புள்ளி உங்கள் ஊர் ஸ்டேஷனில் இன்று ரயில் மாறுகிறேன் மத்தியானம் வரை இங்கேதான் இருப்பேன் உன் நம்பருக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள் முடிந்தால் வா பார்த்து ரொம்ப நாளாகிறது"

அவள் அதை இன்னொரு தடவை படித்தாள்.

பக்கத்து அறையில் ராவுகிற மிஷின் சத்தம் நின்றது. அவள் கணவர் பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டிலேயே உட்கார்ந்து பல் பல்லாகச் செதுக்குவார். கையில் மாவும் மூக்கில் கண்ணாடியுமாக எட்டிப் பார்த்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"புள்ளி சார் வந்துட்டுப் போயிட்டாருங்க."

"எங்க, நம்ம வீட்டுக்கா? நான் இங்கதானே இருந்தேன்!"

"ஸ்டேஷனுக்கு. காலையிலேயே மெயில் போட்டிருக்காரு. நான் இப்பதான் பாக்கறேன்."

ரயில் போயிருக்கும் என்று தெரிந்தேதான் கிளம்பினாள். வண்டி பிடித்துப் போய், பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஏறி இறங்கினாள். துடைப்பத்தோடு ஒருவர் பெஞ்சுகளின் அடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். வயதானவர் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தாரா என்று அவரிடம் கேட்டாள். "காலையிலேருந்து எத்தனையோ பேரும்மா" என்றார். நியாயமான பதில். அவர் நம்பர் அவளிடம் இல்லை. திரும்பி வந்து, மன்னிப்புக் கேட்டுப் புதிய நம்பரோடு ஒரு பதில் போட்டாள். அதற்கு மறுநாளும் பதில் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

தவறவிட்டது ஒரு வேதனை என்றால், அந்த மெயிலின் கோலம் இன்னொரு வேதனை. ஒரு கமா இல்லை. ஒரு முற்றுப்புள்ளி இல்லை. அதுவும் யாரிடமிருந்து!

பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு தட்டச்சுக் கடையின் மாடியில், மழை பெய்தால் ஒழுகும் ஒற்றை அறையில் ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ் இருந்தது. புள்ளி அங்கே பிழை திருத்துகிறவர். பெற்ற பிள்ளைக்குப் பொட்டு வைப்பதுபோல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புள்ளி வைப்பார். ஒற்று விட்டுப்போனால் அவர் நெஞ்சில் ஒற்றை முள் தைத்ததுபோல முகம் சுளிப்பார். அதனால் அந்தப் பேர். ஊரில் பெரும்புள்ளிகள் எத்தனையோ பேர் உண்டு, ஆனால் ஆபீசுக்கு ஒரே புள்ளி அவர்தான். அவளுக்கு வைத்த பேர் அகராதி. அகராதி மாதிரி எல்லாச் சொல்லும் தெரிந்தவள் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். 'அகராதி பிடிச்சவ' என்ற அர்த்தத்தில்தான் வைத்தார்கள் என்பது தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

மூன்றாவது ஆள் வயர். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வயரைத் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு திரிந்த கம்ப்யூட்டர்காரன். மெயில் வரும் மிஷின் மூலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சும்மா சும்மா போய்ப் பார்க்க வேண்டாம் என்று, பிரிண்டர் செருகும் ஓட்டையிலிருந்து கம்பி இழுத்து, நிஜமான வாசல் பெல் ஒன்றை மாட்டிவிட்டான். வேலை வந்தால் பெல் அடிக்கும். அடித்ததும் நாற்காலிகள் பின்னால் சாயும், எல்லோரும் மூலைக்கு ஓடுவார்கள். முதலில் போய்ச் சேர்கிறவருக்கே வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. துணி துவைக்கும் மிஷின் கையேடு முதலில் போய்விடும்; கோர்ட் தீர்ப்பு கடைசியில் வந்தவர் தலையில் விழும். ஓடாத ஒரே ஆள் புள்ளி. அவர்தான் நடுவர். "அகராதி முதல்ல. ஆனா மேஜையைத் தள்ளிட்டு வந்ததால தகுதி நீக்கம்!" என்று சிவப்புப் பேனாவைத் தூக்கிக் காட்டுவார். அவள் நாலு தடவை தொடர்ந்து ஜெயித்ததும், அவள் மேஜையை மூலைக்கு எட்டாத ஜன்னலோரம் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

முதலாளி வேறு தொழிலுக்குப் போனதும் ஆபீஸ் கலைந்தது. ஆளுக்கொரு திசை. போகும்போது வயர், அவள் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். "வைரஸ் வராதுக்கா. நடுநடுவுல கேள்வி மட்டும் கேக்கும், பொறுமையா பதில் சொல்லுங்க" என்றான். அன்றிலிருந்து கம்ப்யூட்டர்கள் மூன்று மாறிவிட்டன, லினக்ஸ் மாறவில்லை. கூடவே அவன் எழுதி வைத்த ஒரு குட்டி புரோகிராம் மெயில் வந்தால் கூவிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் எல்லாவற்றையும் புதுசாக அப்டேட் செய்தாள். அதோடு அது மூச்சை நிறுத்திவிட்டது. அவளும் கவனிக்கவில்லை.

"போன்ல பாத்திருக்கலாமே" என்றார் கணவர்.

"வேலை நேரத்துல போனை அலமாரியில வச்சுடுவேன்னு உங்களுக்குத் தெரியாதா? அது ஒரு தடவை சிணுங்கினா எனக்குப் பாதி வாக்கியம் பறந்துடும்."

"அப்ப கம்ப்யூட்டர் சிணுங்கினா பறக்காதா?"

"அது யாருக்காகச் சிணுங்கணும்னு நான் சொல்லணும். போன் ஊர்ல இருக்கறவன் எல்லாருக்காகவும் சிணுங்குது."

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. முப்பத்திரண்டு பல் செதுக்கிக் கொடுக்கிறவருக்கு வாயை எப்போது மூட வேண்டும் என்றும் தெரியும்.

மெயில் வந்தால் வந்தது என்று சொல்ல ஒரு நம்பகமான ஆள் வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தேவை. தேட ஆரம்பித்தாள்.

முதலில் கிடைத்த புரோகிராம், திரையின் மேல்மூலையில் ஒரு சின்னக் கடித உறையாக உட்காரும் என்றார்கள். போட்டாள். எல்லாம் சரி, உறையைத்தான் காணோம். இணையத்தில் துழாவினால், புதிய டெஸ்க்டாப்பில் அந்த மூலையையே எடுத்துவிட்டார்களாம். விருந்தாளி வந்தாயிற்று, உட்காரத்தான் நாற்காலி இல்லை. அடுத்து, மெயில் புரோகிராமே அறிவிப்புக் கொடுக்கும் என்று தெரிந்தது. கொடுத்தது, ஜன்னல் திறந்திருக்கும்வரை. வேலை முடிந்த ஜன்னலை உடனே மூடுவது அவளுக்கு ஆபீஸ் நாளிலேயே ஏறிப்போன பழக்கம். அந்தக் கால மிஷினில் ரெண்டு ஜன்னல் திறந்தால் மூன்றாவது திறப்பதற்குள் காபி ஆறிவிடும். மூடினாள், அறிவிப்பும் மூடிக்கொண்டது. பிரவுசர் வழியாக ஒன்று முயன்றாள். அது ஊரைக் கூட்டியது. செருப்புக் கடைத் தள்ளுபடி, வீட்டிலிருந்தே வயலின் வகுப்பு, முடி கொட்டுதா என்ற விசாரிப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே அலறல். சாயங்காலத்துக்குள் அதை விரட்டிவிட்டாள்.

நாலாவதாக வந்தது தங்கம் போல இருந்தது. அடக்கமாக வந்து, அழகாகச் சொல்லிவிட்டுப் போயிற்று. அன்று பூராவும் அதைக் கணவரிடம் மெச்சிக்கொண்டே இருந்தாள். மறுநாள் சாப்பிட்டுவிட்டு வந்து, தூங்கப் போயிருந்த கம்ப்யூட்டரை எழுப்பினாள். அதற்கப்புறம் அது வாயே திறக்கவில்லை. சந்தேகப்பட்டுத் தனக்குத்தானே ஒரு மெயில் போட்டாள். மௌனம். இன்னொன்று போட்டாள். மௌனம். மற்றவையெல்லாம் வெளிப்படையாகவே உருப்படாதவை; இது நல்லவன் போல நடித்துக் கழுத்தறுத்தது.

இதே கஷ்டத்தை யாரோ ஒருவர் பல வருஷத்துக்கு முன்பே ஓர் இணைய மன்றத்தில் வரிக்கு வரி எழுதியிருந்தார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. கீழே இறங்கிப் போனால், அவரே எழுதிய கடைசி வரி: "சரியாகிவிட்டது. நன்றி." எப்படிச் சரியாயிற்று என்று ஒரு சொல் இல்லை. அந்த மனிதர் மட்டும் கையில் கிடைத்திருந்தால் பம்பு கையேட்டை முழுக்க அவருக்குப் படித்துக் காட்டியிருப்பாள்.

கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். புதிய நம்பரையும் போட்டு வயருக்கு எழுதினாள். அவனோடும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிப்போன நட்பு. அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே போன் அடித்தது.

"யாரு, அகராதி அக்காவா? உயிரோடதான் இருக்கீங்களா?"

"உன் வாய் இன்னும் மாறலடா வயர்."

"வயரும் மாறலக்கா. இப்ப லிப்ட் வயர். மாடி மாடியா ஏத்தி இறக்கிட்டிருக்கேன்."

அவன் லிப்ட் பராமரிக்கும் வேலையில் இருந்தான். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு, புள்ளியின் மெயிலுக்கு வந்தது. அவள் படித்துக் காட்டினாள். மறுமுனையில் அவன் சிரிப்பு அடங்கியது.

"நிறுத்தாம படிக்கறீங்களே?"

"அவர் நிறுத்தினாத்தானே நான் நிறுத்த. ஒரு புள்ளி கிடையாதுடா."

"புள்ளி சார் புள்ளி வைக்காம எழுதினாரா? உடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?"

அவள் மனத்துக்குள் இத்தனை நாளும் சுற்றிக்கொண்டிருந்ததும் அதுதான். அவனிடமும் அவர் நம்பர் இல்லை, தகவலும் இல்லை. பிறகு அவன்தான், "சரி, அந்த நாலாவது என்ன பண்ணுச்சு, சொல்லுங்க" என்றான். சொன்னாள்.

"புரிஞ்சுதுக்கா. மெயில் வந்து சேர்ற சர்வரோட அது போன் போட்டுப் பேசற மாதிரி லைன்ல இருக்கு. உங்க மிஷின் தூங்கினப்ப அந்தப் பக்கம் போனை வச்சுட்டாங்க. இந்தப் பக்கம் இவன் இன்னும் காதுல வச்சுக்கிட்டு 'ம், ம்'னு காத்துட்டிருக்கான். பாவம், அவன் மேல தப்பில்ல."

"நம்ம ஆபீஸ் பெல் ஒரு நாளும் ஏமாத்தலையேடா?"

"ஏமாத்திச்சே! ஆனா ஏமாத்தினா நமக்குத் தெரிஞ்சுடும். காலையில ஆன் பண்ணதும் ஒரு தட்டு மட்டும் தட்டுமே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா, கரன்ட் வந்ததும் 'டிங்'குன்னு. கரன்ட்தான் தூக்கிப் போடுதுன்னு நினைச்சேன்."

"கரன்ட்டா! அக்கா, அது நான் எழுதி வச்சது. 'நான் இருக்கேன், இன்னிக்கு வேலைக்கு வந்துட்டேன்'னு அது சொல்றது. அந்தத் தட்டு வரலைன்னா நான் போய்ப் பாப்பேன்."

இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு அது தெரிய வந்தது. அன்றைக்கெல்லாம் ஒழுக்குக்கு வைத்த வாளியை நகர்த்திக்கொண்டும், டீக்கு ஆள் அனுப்பிக்கொண்டும் இருந்த அந்தக் காலைகளில், மூலையில் குனிந்திருந்த அந்த வயர்க் கழுத்தை அவள் இப்போதுதான் சரியாகப் பார்த்தாள் போலிருந்தது.

ரெண்டு நாள் சாயங்காலம் போனில் பேசிப் பேசியே அவன் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தான். சின்னது. லைனில் காத்துக் கிடக்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தானே புதிதாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வரும். முகவரிப் புத்தகத்தில் இருக்கிறவர்கள் எழுதினால் மட்டும் சத்தம் போடும். சொன்ன செய்தி, அவள் கையால் தள்ளும்வரை திரையைவிட்டு நகராது. முக்கியமாக, சர்வரை எட்ட முடியவில்லை என்றால் 'என்னால் பார்க்க முடியவில்லை' என்று பெரிய எழுத்தில் ஒப்புக்கொள்ளும்.

"பழைய மாதிரி நிஜ பெல்லே மாட்டிடலாமாக்கா? ஒரு சின்ன சர்க்யூட் போர்டு வாங்கினா போதும்."

"வேணாம்டா. இங்க ஓடறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்."

சோதனை அமர்க்களமாக நடந்தது. அவள் இணைய வயரைப் பிடுங்கினாள். அது 'பார்க்க முடியவில்லை' என்றது. செருகினாள், சமாதானமாயிற்று. தூங்க வைத்து எழுப்பினாள். எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. வயர் அங்கிருந்து மெயில் மேல் மெயிலாகப் போட்டான். 'டெஸ்ட்.' 'இன்னொரு டெஸ்ட்.' 'அக்கா அன்னிக்கு மேஜையைத் தள்ளினது நீங்கதான்.' ஒவ்வொன்றுக்கும் சத்தம் வந்தது. கணவர் எட்டிப் பார்த்து, "வந்தது எத்தனை ஆர்டர்?" என்று கேட்டார். "எல்லாம் வம்பு" என்றாள், சிரித்துக்கொண்டே.

அதன்பின் புள்ளியிடமிருந்து வருமா என்று காத்திருந்தாள். மற்ற மெயில்கள் வந்தன, சத்தமும் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடிப் போய்ப் பார்த்தாள்.

ஒரு முற்பகல், பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். குழாய் கொட்டுகிற சத்தம், உள்ளே பல் மிஷினின் சத்தம். கம்ப்யூட்டர் கூவியது அவள் காதில் விழவில்லை. ஆனால் பசை டப்பா தேடி அவள் அறைக்குப் போன கணவர், வாசற்படியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏம்மா! உன் பொட்டி ஏதோ சொல்லுது. 'புள்ளி'ன்னு போட்டிருக்கு!"

ஈரக் கையோடு ஓடினாள். வழியில் நாற்காலி சாய்ந்தது.

"அகராதி புள்ளி இன்று திரும்புகிறேன் மத்தியானம் வரை அதே ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் கீழே இருப்பேன் வேலை இருந்தால் வேண்டாம்"

வேலை இருந்தது. அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். கணவர் துணியைத் தான் பிழிந்து போடுவதாகச் சொன்னார். பாதி துணியில் பல் மாவு ஒட்டும் என்று தெரிந்தும் சரி என்றாள்.

கடிகாரத்துக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பையை மடியில் கட்டிப்பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அவள் எதிரில் போய் நின்றாள். அவர் முகத்தை நேராக வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி, கோழி பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சார், நான்தான்."

"தெரியுது, தெரியுது. உன் ரெண்டு காதும் நல்லாத் தெரியுது. மூக்கு இருக்கற இடத்துலதான் ஒரே பனி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போயிருக்கிறது. ஓரம் தெரியும், நடு தெரியாது. பிழை திருத்துகிறவருக்கு நடுதான் வேண்டும். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. இருக்கிற பார்வை மேலும் கெடாமல் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"மெயில்ல ஒரு புள்ளிகூட இல்லையே சார். பயந்துட்டோம், நானும் வயரும்."

"நான் வாயால சொல்றேன், போன் எழுதிக்குது. 'முற்றுப்புள்ளி'ன்னு சொன்னா 'முற்றுப்புள்ளி'ன்னே எழுதி வைக்குதும்மா. மானம் போகுதேன்னு விட்டுட்டேன்."

"நான் போட்ட பதில்?"

"கண்ணுல கட்டு. அப்புறமா நர்ஸ் பொண்ணுதான் படிச்சுக் காட்டினா. கீழ 'அகராதி'ன்னு இருந்ததைப் பாத்துட்டு, 'யாரு சார், ரொம்பத் திமிரானவங்களா?'ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன். உன் புது நம்பரையும் சொன்னா. எழுத வழியில்ல, மறந்துட்டேன்."

சிரித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "அன்னிக்குப் போறப்ப பயமா இருந்துச்சு. யாராவது பேச்சுக்குக் கிடைச்சா தேவலைன்னு தோணுச்சு. அதான் போட்டேன்."

"நான் நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாலதான் சார் உக்காந்திருந்தேன். அது சொல்லவே இல்ல."

"நீ பாத்திருந்தா வந்திருப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

காபி வாங்கி வந்தாள். பெஞ்சில் யாரோ விட்டுப் போயிருந்த பேப்பரை அவர் தடவி எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "படி. ரொம்ப நாளாச்சு." அவள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். "ஆற்றின் குறுக்கே புதிய பாலம் கட்ட திட்டம்..."

அவர் விரல் உயர்ந்தது. "'கட்ட'வுக்கும் 'திட்ட'த்துக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அதான். அங்க ஒரு 'த்' வரணும். பாலம் கட்றதுக்கு முன்னாடியே விரிசல் விட்டுட்டானுங்க."

ரயில் வரும்வரை படித்தாள். காதாலேயே அவர் பிழை திருத்திக்கொண்டு வந்தார். இடையிடையே பழைய கதைகள். மழைநாளில் வாளி நிரம்பி கோர்ட் தீர்ப்பு நனைந்தது, அதை அவர்கள் மூவரும் மின்விசிறிக்கு அடியில் தாள் தாளாகக் காய வைத்தது, காற்றில் ஒரு பக்கம் ஜன்னல் வழியே பறந்து தட்டச்சுக் கடைக்காரர் தலையில் போய் உட்கார்ந்தது. அவளுக்கு மறந்தே போயிருந்ததை எல்லாம் அவர் பக்க எண் சொல்லாத குறையாக எடுத்து எடுத்து வைத்தார்.

ரயில் வந்தது. கையைப் பிடித்து ஏற்றி, ஜன்னலோர இடத்தில் உட்கார வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

"மாசா மாசம் கண்ணுல ஊசி போடணுமாம். இந்த வழியாத்தான் வரணும்."

"அடுத்தது எப்ப சார்?"

"மெயில் போடறேன்."

"மெயில் வேணாம். இப்பவே சொல்லுங்க."

அவர் சொன்னார். அடுத்த மாசம் முதல் திங்கள், இதே ரயில். அவள் பையில் பேனாவைத் துழாவிக்கொண்டே, "என் நம்பரைப் பெரிசா எழுதித் தரட்டுமா?" என்றாள்.

"எழுதினா யாரு படிக்கறது? வாயால சொல்லு. மனப்பாடம் பண்ணிக்கறேன்."

இரண்டு இரண்டு இலக்கமாகச் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து திருப்பிச் சொன்னார். ரயில் அசைந்தது. அவள் கூடவே நடந்தாள்.

"கடைசி ரெண்டு எழுபத்தெட்டு!"

"எட்டு இல்ல சார், ஒன்பது! எழுபத்தொன்பது!"

"ஒன்பதா? நல்லவேளை, திருத்தினே!"

ரயில் வேகமெடுத்தது, அவள் நின்றுகொண்டாள். முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் போலும். பெட்டி வளைவில் திரும்பும்வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.